பெங்களூர்ல கவர்மெண்ட் ஸ்கில் ட்ரெய்னிங் எடுத்து நடத்தணுமா? புதுசா வர்றவங்க முதல்ல இத படிங்க

அல்சூர், லிங்கராஜபுரம், ஸ்ரீராமபுரம் பக்கமெல்லாம் நம்ம ஆளுங்க நடத்துற டெய்லரிங் கிளாஸ், கம்ப்யூட்டர் கிளாஸ், பியூட்டிஷியன் கோர்ஸ் எக்கச்சக்கமா இருக்கு. நடத்துறவங்க நிறைய பேருக்கு ஒரு கட்டத்துல "பசங்க ஃபீஸ் கட்ட முடியாம நின்னுடுறாங்க, கவர்மெண்ட்டே ஃபீஸ் குடுக்குற ஸ்கீம் இருக்காமே, நாமளும் எடுத்தா என்ன"ன்னு தோணும். எடுக்கலாம், தப்பே இல்ல. நான் இந்த லைன்ல ஆபரேஷன்ஸ் பக்கம் வேலை பாக்குறவன், அதனால ஒரு விஷயத்த மொதல்லயே சொல்லிடுறேன். கவர்மெண்ட் காசு குடுக்குறது நீங்க எவ்ளோ நல்லா சொல்லிக்குடுத்தீங்கங்குறதுக்கு இல்ல, சொல்லிக்குடுத்தீங்கன்னு காட்டுற ரெக்கார்டுக்கு. இது புரிஞ்சா மத்த எல்லா ரூல்ஸும் ஏன் அப்படி இருக்குன்னு தானா புரிஞ்சிடும், புரியலன்னா ரெண்டாவது பேட்ச்லயே கடன் வாங்க வேண்டி வரும்.

யாரோட ஸ்கீம்னு முதல்ல பாருங்க

சென்ட்ரல் கவர்மெண்ட்ல பெருசு பிஎம்கேவிஒய், அதாவது பிரதான் மந்திரி கௌஷல் விகாஸ் யோஜனா. 2015 ஜூலைல ஆரம்பிச்சது, நாலாவது ரவுண்டு (4.0) 2026 மார்ச் வரைக்கும்னு சொல்லியிருந்தாங்க. ஸ்கில் டெவலப்மெண்ட் மினிஸ்ட்ரி சார்பா இத ஓட்டுறது என்எஸ்டிசி, அதாவது நேஷனல் ஸ்கில் டெவலப்மெண்ட் கார்ப்பரேஷன். கிராமத்துப் பசங்களுக்குன்னு தனியா டிடியுஜிகேஒய் (தீன் தயாள் உபாத்யாய கிராமீண் கௌஷல்ய யோஜனா) இருக்கு, 2014ல வந்தது, அது ரூரல் டெவலப்மெண்ட் மினிஸ்ட்ரியோடது. நீங்க சிட்டிக்குள்ள சென்டர் வெச்சிருந்தாலும் கோலார், ராமநகரம் பக்கத்து பசங்கள ஹாஸ்டல்ல தங்க வெச்சு நடத்தலாம், ஆனா ஹாஸ்டல்னு ஒண்ணு வந்துட்டா பாத்ரூம்ல இருந்து சாப்பாடு வரைக்கும் தனி ரூல்ஸ் வந்துடும். மூணாவது நம்ம ஸ்டேட் ஸ்கீம், முதலமைச்சர் பேர்ல 2017ல ஆரம்பிச்ச கௌசல்ய கர்நாடக யோஜனை. அதுக்கான டிபார்ட்மெண்ட், ஸ்கில் டெவலப்மெண்ட் கார்ப்பரேஷன் எல்லாம் பன்னர்கட்டா ரோடு கௌசல்ய பவன்ல இருக்கு, பசங்க ரெஜிஸ்டர் ஆகுறது கௌசல்கர் போர்ட்டல்ல.

மூணுக்கும் பேர் வேற, போர்ட்டல் வேற, தவணை வேற. ஒண்ணுல படிச்ச ரூல இன்னொண்ணுல நம்பாதீங்க. பிஎம்கேவிஒய்ல உங்களுக்குப் பேரு ட்ரெய்னிங் பார்ட்னர், டிடியுஜிகேஒய்ல பிஐஏ (ப்ராஜெக்ட் இம்ப்ளிமெண்டிங் ஏஜென்சி). அந்த கைட்லைன் பிடிஎஃப்ப உக்காந்து முழுசா படிங்க, தூக்கம் வரும் தான், ஆனா படிக்காதவங்க தான் பின்னாடி ஆபீஸ் ஆபீஸா அலையுறாங்க.

நம்ம ஊருக்கே உரிய ஒரு சிக்கல். கிருஷ்ணகிரி, தர்மபுரி, வேலூர் பக்கத்துல இருந்து வந்து இங்க வாடகைக்கு இருக்குற குடும்பங்கள்ல பசங்க ஆதார்ல இன்னும் தமிழ்நாட்டு அட்ரஸ் தான் இருக்கும். சென்ட்ரல் ஸ்கீம்ல பெருசா தடை இருக்காது, ஸ்டேட் ஸ்கீம்ல கர்நாடகாக்காரங்களான்னு பாப்பாங்க. பேட்ச் ஆரம்பிச்சப்புறம் இத கண்டுபிடிச்சா ஒரு பிரயோஜனமும் இல்ல, அட்மிஷன் அன்னிக்கே ஆதார வாங்கிப் பாத்துடுங்க.

சென்டர் அக்ரடிட்டேஷன் (சென்டருக்கு அங்கீகாரம் வாங்குறது)

கம்பெனியோ, சொசைட்டியோ, டிரஸ்ட்டோ ஒரு சட்டப்பூர்வமான அமைப்பு உங்ககிட்ட இருக்கணும். பான், ஆடிட் பண்ண பேலன்ஸ் ஷீட், இதுக்கு முன்னாடி ட்ரெய்னிங் குடுத்த அனுபவம் இதெல்லாம் கேப்பாங்க. பிஎம்கேவிஒய் பக்கம் முன்னாடி ஸ்மார்ட்னு ஒரு போர்ட்டல் இருந்துச்சு, 2023 செப்டம்பர்ல ஸ்கில் இந்தியா டிஜிட்டல் ஹப் வந்தப்புறம் எல்லாம் அங்க போயிடுச்சு. நடைமுறை பெருசா மாறல. ஆன்லைன்ல சென்டர் விவரம் ஏத்தணும், டெஸ்க்ல உக்காந்து டாக்குமெண்ட் பாப்பாங்க, அப்புறம் ஒரு இன்ஸ்பெக்டர் நேர்ல வந்து ரூம் அளவு, மெஷின், டாய்லெட், சிசிடிவி, ஃபயர் எக்ஸ்டிங்விஷர்னு ஒவ்வொண்ணா லொகேஷனோட போட்டோ எடுப்பார்.

இங்க தான் நம்ம ஏரியா சென்டர்கள் நிறைய அடிபடுது. அல்சூர் மாதிரி இடத்துல ரெண்டாவது மாடில குறுகலான படிக்கட்டு, ஒரு ஹால், அதுல பாதி ஓனரோட சாமான்னு இருக்கும். ஒவ்வொரு ஜாப் ரோலுக்கும், அதாவது நீங்க எந்த வேலைக்கு ட்ரெய்னிங் குடுக்குறீங்களோ அதுக்கு, இவ்ளோ சதுர அடி கிளாஸ் ரூம், இவ்ளோ லேப், இன்னின்ன எக்விப்மெண்ட்னு லிஸ்ட் உண்டு. லிஸ்ட்ல தையல் மெஷின் இண்டஸ்ட்ரியல் மாடல்னு போட்டிருந்தா வீட்டுல மிதிக்குற மெஷின வெச்சு சமாளிக்க முடியாது, கார்மெண்ட் ஃபேக்டரில அந்தப் பொண்ணு உக்காரப்போறது பவர் மெஷின்ல தானே. அந்த ரூல்ல நியாயம் இருக்கு. இன்ஸ்பெக்ஷனுக்கு மட்டும் மெஷின வாடகைக்கு எடுத்து வெச்சு போட்டோ முடிஞ்சதும் திருப்பி அனுப்புற வேலை இந்த லைன்ல நடக்குறது தான், அத பண்ணாதீங்க, நாளைக்கு திடீர்னு ஒருத்தர் வந்து நின்னா அதே போட்டோ தான் உங்களுக்கு எதிரா சாட்சி.

வாடகை அக்ரிமெண்ட் ஸ்கீம் காலத்துக்கு முழுசா இருக்கணும். பதினோரு மாச அக்ரிமெண்ட் போட்டுட்டு நடுவுல ஓனர் காலி பண்ணச் சொன்னா புது அட்ரஸுக்கு மறுபடியும் முதல்ல இருந்து இன்ஸ்பெக்ஷன்.

ட்ரெய்னர் விஷயம். இருபது வருஷமா தைச்சவங்களா இருந்தாலும் டிஓடி (ட்ரெய்னிங் ஆஃப் ட்ரெய்னர்ஸ்) சர்டிஃபிகேட் இல்லாம கிளாஸ் எடுத்தா கணக்குல வராது. அந்தச் சர்டிஃபிகேட்டுக்கு ஒரு காலக்கெடுவும் இருக்கும், ட்ரெய்னர் வேலைய விட்டுட்டுப் போனா அதே தகுதியோட இன்னொருத்தர் கிடைக்கிற வரைக்கும் பேட்ச் நிக்கும். அதனால ஒரு ஜாப் ரோலுக்கு ரெண்டு பேர தயார் பண்ணி வெச்சுக்கோங்க.

டார்கெட் எப்படி வரும்

புதுசா வர்றவங்களுக்கு இங்க தான் பெரிய ஏமாற்றம். அக்ரடிட்டேஷன் கிடைச்சா வேலை கிடைச்சிடுச்சுன்னு நினைச்சுடுறாங்க. அது நீங்க தகுதியானவர்னு சொல்ற சீட்டு, அவ்ளோதான். இத்தன பேருக்கு ட்ரெய்னிங் குடுங்கன்னு டார்கெட் தனியா வரணும். வராமலே ஒரு வருஷம் ஓடுன சென்டரெல்லாம் இருக்கு, வாடகை மட்டும் மாசாமாசம் கரெக்டா போயிட்டு இருக்கும்.

ரோடு போடுறது, பில்டிங் கட்டுறதுல யாரு கம்மி விலை சொல்றாங்களோ அவங்களுக்கு டெண்டர் போகும். இங்க அப்படி இல்ல. ஒரு ஆளுக்கு ஒரு மணி நேரத்துக்கு இவ்ளோன்னு கவர்மெண்ட்டே ரேட் ஃபிக்ஸ் பண்ணிடும், அதுக்குப் பேரு காமன் காஸ்ட் நார்ம்ஸ். 2015ல வந்தப்ப மெஷின் அதிகம் தேவைப்படுற முதல் கேட்டகரிக்கு மணிக்கு 38.50 ரூபா, ரெண்டாவதுக்கு 33, கிளாஸ் ரூம்லயே முடியுற மூணாவதுக்கு 27.50. அப்புறம் ஏத்தியிருக்காங்க. விலைல போட்டி இல்லாததால டெக்னிக்கல் மார்க்ல தான் போட்டி, முன்னாடி எத்தன பேருக்கு குடுத்தீங்க, எத்தன பேருக்கு வேலை வாங்கிக் குடுத்தீங்க, டர்ன்ஓவர் எவ்ளோ, ட்ரெய்னர் யாருன்னு மார்க் போடுவாங்க. ஸ்டேட் பக்கம் வர்ற ஈஓஐ (நடத்த விருப்பம் உள்ளவங்க விண்ணப்பிக்கச் சொல்ற அறிவிப்பு), டெண்டரெல்லாம் கர்நாடகா பப்ளிக் ப்ரொக்யூர்மெண்ட் போர்ட்டல்லயும் டிபார்ட்மெண்ட் சைட்லயும் பாருங்க. கவர்மெண்ட் கொள்முதலுக்கு இங்க 1999 கேடிபிபி சட்டம் (கர்நாடகாவோட கொள்முதல் வெளிப்படைத்தன்மைச் சட்டம்) இருக்கு, அதுல 4(ஜி)ன்னு ஒரு பிரிவு, டெண்டர் இல்லாம நேரடியா குடுக்க விலக்கு தர்றது. பெரிய அரசு நிறுவனங்களுக்கு வேலை அப்படிப் போறத கேள்விப்படுவீங்க, புதுசா வர்ற நமக்கு அந்த வழி இல்ல.

ஆரம்பிக்கிற சின்ன சென்டருக்கு என் அபிப்ராயம், நேரா ஈஓஐ போடாதீங்க. மாவட்ட ஸ்கில் ஆபீஸுக்குப் போங்க, டெபுடி கமிஷனர் தலைமைல மாவட்ட ஸ்கில் கமிட்டி இருக்கும், எந்த ஏரியால எந்த வேலைக்கு ஆள் தேவைன்னு அவங்க ஒரு திட்டம் போடுவாங்க. பீன்யா பக்கம் சிஎன்சி ஆபரேட்டர் கேக்குறாங்க, பொம்மனஹள்ளி பக்கம் கார்மெண்ட்ல ஆள் கேக்குறாங்கன்னா நீங்க அங்க டேட்டா என்ட்ரி கோர்ஸ் போட்டு என்ன பண்ணப்போறீங்க.

புரோக்கர் வருவாங்க. "டார்கெட் வாங்கித் தர்றேன், இத்தன பர்சன்ட் குடுங்க", இல்லன்னா "எங்க பேர்ல டார்கெட் இருக்கு, உங்க சென்டர்ல நடத்துங்க, கமிஷன் போக மிச்சம் உங்களுக்கு". ரெண்டாவது வகை தான் சப்லெட். ஒப்பந்தத்துல பெரும்பாலும் இது கூடாதுன்னே இருக்கும், மாட்டுனா அவங்களுக்கு நோட்டீஸ் போகும், உங்களுக்கு காசே வராது, ஏன்னா கவர்மெண்ட் கணக்குல நீங்க யாருமே இல்ல. கேக்க ஒரு இடமும் கிடையாது.

காசு கணக்கு, இத பொறுமையா போட்டுப் பாருங்க

ஒரு பேட்ச் 30 பேரு, கோர்ஸ் 300 மணி நேரம், மணிக்கு 40 ரூபான்னு கணக்குக்கு வெச்சுப்போம். ஒரு ஆளுக்கு 12,000, முழு பேட்ச்சுக்கு 3,60,000. இந்த நம்பரப் பாத்து தான் எல்லாரும் உள்ள வர்றாங்க.

இந்தக் காசு தவணை தவணையா தான் வரும். 2015 நார்ம்ஸ் படி பேட்ச் ஆரம்பிச்சதும் 30 சதவீதம், நடுவுல 50, வேலை கிடைச்சதக் காட்டுனா 20. அடுத்து வந்த பிஎம்கேவிஒய் 2.0ல அந்த நடு 50 சர்டிஃபிகேட் வாங்கினவங்களுக்கு மட்டும்னு ஆச்சு. டிடியுஜிகேஒய்ல 25, 50, 15, 10ன்னு நாலு தவணை. சதவீதம் ஸ்கீமுக்கு ஸ்கீம், ரவுண்டுக்கு ரவுண்டு மாறும், எலும்புக்கூடு ஒண்ணு தான்.

இப்ப நிஜத்துல நடக்குறத போடுங்க. 30 பேர் சேந்தாங்க, முதல் தவணை 1,08,000. எட்டு பேரு நடுவுல நின்னுட்டாங்க, ஒருத்திக்கு கல்யாணம், ஒருத்தன் டெலிவரி வேலைக்குப் போயிட்டான், அவன் பைக்ல ஒரு நாள்ல சம்பாதிக்கிறத நம்ம கிளாஸ் ரூம்ல குடுக்க முடியாதுல்ல. 22 பேர் பாஸ், ரெண்டாவது தவணை ஆளுக்கு 6,000 வீதம் 1,32,000. நின்னுபோன எட்டு பேருக்கு வாங்குன முதல் தவணைய கழிக்குற ஒப்பந்தமா இருந்தா அதுல 28,800 போச்சு. 12 பேருக்கு வேலை கிடைச்சுது, ஆளுக்கு 2,400, 28,800. மொத்தம் 2,40,000. மூணுல ஒரு பங்கு காணோம், நீங்க எந்தத் தப்பும் பண்ணல.

இன்னும் இருக்கு. 2015 நார்ம்ஸ்ல கடைசித் தவணைக்கு ஒரு கோடு உண்டு, பாஸானவங்கள்ல 70 சதவீதம் வேலைக்குப் போனா முழுசா, 50ல இருந்து 69 வரைக்கும்னா அந்த விகிதத்துல, 50க்குக் கீழ போனா ஒண்ணும் கிடையாது. மேல 22ல 12ங்குறது 54 சதவீதம், தப்பிச்சோம். அதுவே 10 பேரா இருந்தா 45 சதவீதம், அந்தப் பத்து பேருக்கும் சேத்து ஜீரோ. ரெண்டு பேரால கடைசித் தவணை முழுசா போயிடும்ங்குறப்ப, வேலைக்குப் போகாதவங்களுக்கு ஆஃபர் லெட்டர் ரெடி பண்ணலாமான்னு ஆசை எங்க இருந்து வருதுன்னு புரியுதா? கவர்மெண்ட் நல்ல எண்ணத்துல தான் அந்தக் கோட போட்டுது, ஆனா கோடு எங்க இருக்கோ அங்க தான் பொய்யும் முளைக்கும்.

தவணை லேட்டாவும் வரும். எவ்ளோ லேட்னு நான் சொல்ல மாட்டேன், ஆனா ஒரு பேட்ச் முழுசா முடியுற வரைக்கும் வாடகை, சம்பளம், கரண்ட் எல்லாம் உங்க கைக்காசுல ஓட்ட முடியுமான்னு பாத்துட்டு இறங்குங்க. வட்டிக்கு வாங்கி ஓட்டுற கணக்கு இதுல நிக்காது.

பேட்ச் ஓடும்போது

பசங்கள சேக்குறதுக்கு மொபிலைசேஷன்னு பேரு. நோட்டீஸ் குடுத்தா யாரும் வர மாட்டாங்க. சர்ச், கோயில் கமிட்டி, மகளிர் சங்கம், அங்கன்வாடி டீச்சர் இவங்க சொன்னா தான் வீட்டுல பொண்ணுங்கள அனுப்புவாங்க. பசங்ககிட்ட ஃபீஸ்னு ஒரு ரூபாகூட வாங்கக்கூடாதுன்னு ஸ்கீம் சொன்னா வாங்காதீங்க, "யூனிஃபார்முக்கு, ஃபைலுக்கு"ன்னு வாங்கி கம்ப்ளெயிண்ட் ஆனவங்க உண்டு, என்னன்னா பசங்களுக்கு நேரா போன் போட்டுக் கேக்குறதும் மானிட்டரிங்ல ஒரு பகுதி.

அட்டெண்டன்ஸ் ஆதார் பயோமெட்ரிக். வீட்டு வேலைக்குப் போற பொண்ணுங்களுக்கு கைரேக தேஞ்சு மெஷின் எடுக்காது, ஆதார் சென்டர்ல அப்டேட் பண்ணச் சொல்லி முதல் வாரமே அனுப்புங்க. மெஷின் வேலை செய்யல, நெட் இல்லன்னா அன்னிக்கே போர்ட்டல்லயோ மெயில்லயோ பதிவு பண்ணுங்க. மூணு மாசம் கழிச்சு சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க.

ஃபைல் முக்கியம். அட்மிஷன் ஃபார்ம், ஆதார் காப்பி, பேங்க் பாஸ்புக், கிளாஸ் போட்டோ, ட்ரெய்னர் டைரி, கெஸ்ட் லெக்சர், இண்டஸ்ட்ரி விசிட் எல்லாம் பேட்ச் வாரியா. எம்ஐஎஸ்க்கு, அதாவது போர்ட்டல்ல டேட்டா ஏத்துற வேலைக்கு, நல்லா தெரிஞ்ச ஒருத்தர போடுங்க, அந்தச் சம்பளத்துல கஞ்சத்தனம் பாக்காதீங்க, அவங்க தான் உங்களுக்கு காசு வாங்கித் தர்றவங்க.

பரீட்சை உங்க கைல இல்ல

சொல்லிக்குடுக்குறவரும் மார்க் போடுறவரும் ஒரே ஆளா இருக்கக்கூடாதுங்குறது தான் இந்த சிஸ்டத்தோட ஒரே உருப்படியான தத்துவம்னு நான் நினைக்கிறேன். ஜாப் ரோலுக்கு என்னென்ன தெரிஞ்சிருக்கணும்னு ஸ்டாண்டர்ட் எழுதுறது ஒரு இடம், சர்டிஃபிகேட் குடுக்குறது அவார்டிங் பாடி, பரீட்சை வைக்கிறது அசெஸ்மெண்ட் ஏஜென்சி. இவங்களுக்கு அனுமதி குடுத்து மேல உக்காந்திருக்குறது என்சிவிஇடி (தொழிற்கல்விக்கான தேசிய கவுன்சில்), 2018ல அறிவிச்சு 2020ல வேலைய ஆரம்பிச்ச ரெகுலேட்டர். அதுக்கு முன்னாடி ஒவ்வொரு தொழில் துறைக்கும் இருக்குற செக்டர் ஸ்கில் கவுன்சில்களே ஸ்டாண்டர்டும் எழுதி, சென்டருக்கு அஃபிலியேஷனும் குடுத்து, பரீட்சைக்கும் ஆள் அனுப்பி, சர்டிஃபிகேட்டும் குடுத்துட்டு இருந்தாங்க. எல்லாம் ஒரே கைல இருந்தா எப்படின்னு இந்தக் கவுன்சில்கள ஆராய கவர்மெண்ட் போட்ட சாரதா பிரசாத் கமிட்டி 2017 ரிப்போர்ட்ல நல்லாவே கேட்டுது.

நடைமுறைக்கு வாங்க. அசெஸர் வர்ற தேதி தள்ளிப்போகும், பசங்க அதுக்குள்ள கலஞ்சிடுவாங்க, அதனால கோர்ஸ் முடிஞ்சும் வாரத்துக்கு ரெண்டு நாள் ரிவிஷன்னு கூப்பிட்டு வெச்சுக்கோங்க. கொஸ்டின் எந்த பாஷைலன்னு பேட்ச் போடும்போதே பாத்துக்கோங்க. நம்ம பசங்க வீட்டுல தமிழ், ஸ்கூல்ல கன்னடம், கிளாஸ்ல ரெண்டும் கலந்து பேசுவாங்க, இந்தில கேள்வி வந்தா திருதிருன்னு முழிப்பாங்க. வேலை தெரிஞ்ச பொண்ணு பாஷைல ஃபெயில் ஆகுறது ரொம்ப வயித்தெரிச்சல்.

அசெஸருக்கு சாப்பாடு, ஆட்டோ, கவர்னு ஆரம்பிக்காதீங்க. ஆரம்பிச்சா அடுத்த பேட்ச்ல ரேட் ஏறும்.

வேலை

ஜாப் ஃபேர்ல ஆஃபர் லெட்டர் வாங்குறது பிளேஸ்மென்ட் ஆகாது. கோர்ஸ் முடிஞ்சு மூணு மாசத்துக்குள்ள வேலைல சேரணும், மூணு மாசம் அங்க இருக்கணும்ங்குறது 2015 நார்ம்ஸோட அளவு. சாலரி ஸ்லிப் இல்லன்னா பேங்க்ல சம்பளம் ஏறுனதுக்கு ஸ்டேட்மெண்ட், அத மாசாமாசம் பசங்ககிட்ட இருந்து வாங்குறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடும். சின்ன பொட்டிக் கடைல தைக்கப் போனவங்களுக்கு கைல கூலி, ரெக்கார்டே இருக்காது, நல்ல வேலை தான் ஆனா உங்க கணக்குல ஜீரோ. அதனால முழு கோர்ஸையும் மனசுல வெச்சு முன்னாடியே ரெண்டு மூணு கம்பெனியோட பேசி வெச்சுட்டு அப்புறம் பேட்ச் ஆரம்பிங்க, எல்லாரும் தலைகீழா பண்றாங்க. பிஎம்கேவிஒய் 4.0ல வேலைய மட்டும் பாக்காம பசங்க எந்த வழில வேணா போகட்டும்னு நிலைய மாத்தியிருக்காங்க, அதனால எந்த ரவுண்டு ஒப்பந்தம்னு பாத்துக்கோங்க.

ஏன் இவ்ளோ சந்தேகப்படுறாங்க

காரணம் இருக்கு. 2015ல இருந்து 2022 வரைக்கும் நடந்த மூணு பிஎம்கேவிஒய் ரவுண்டையும் ஆடிட் பண்ண சிஏஜி (மத்திய தணிக்கை அதிகாரி) ரிப்போர்ட் 2025 டிசம்பர்ல பார்லிமெண்ட்ல வெச்சாங்க. ஆடிட் பாத்த டேட்டால 94 சதவீதத்துக்கு மேல பேங்க் அக்கவுண்ட் இருக்க வேண்டிய இடத்துல வெறும் ஜீரோ, இல்லன்னா காலின்னு இருந்துச்சாம். அதுக்கு முன்னாடியே அதே வருஷம் மினிஸ்ட்ரி 178 ட்ரெய்னிங் பார்ட்னர், சென்டர்கள பிளாக்லிஸ்ட் பண்ணுச்சு.

நம்ம ஊர்ல மட்டும்தான் இப்படின்னு நினைக்காதீங்க. இங்கிலாந்துல 2000ல ஆளுக்கொரு லேர்னிங் அக்கவுண்ட்னு ஆரம்பிச்சு, யாரு வேணா ட்ரெய்னிங் குடுக்கலாம்னு கதவ திறந்து விட்டு, மோசடி தாங்காம அடுத்த வருஷமே மூடுனாங்க. ஆஸ்திரேலியால விஇடி ஃபீ ஹெல்ப்னு படிப்புக்கு கடன் குடுக்குற ஸ்கீம், புரோக்கருங்க வீடு வீடா போய் லேப்டாப் ஃப்ரீன்னு கையெழுத்து வாங்கி கடன்ல மாட்டி விட்டு, 2016 கடைசில அதையும் மூட வேண்டியதா போச்சு. அங்க ரெகுலேட்டர் 2011லயே இருந்துச்சு, அப்பவும் நடந்துச்சு. ஆள சேத்தாலே காசுங்குற இடத்துல எல்லாரும் சேக்க மட்டும் தான் பாப்பாங்க.

கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி

ஸ்கீம் எப்ப முடியுதுன்னு பாருங்க. 2025 பிப்ரவரில கேபினட் ஸ்கில் இந்தியா ப்ரோக்ராமுக்கு 8,800 கோடி ஒதுக்கி 2026 மார்ச் வரைக்கும்னு சொன்னது, அந்த மாதிரி கடைசித் தேதி எல்லா ரவுண்டுக்கும் உண்டு, முடியுற நேரத்துல மெஷின் வாங்குனா யாரு தலைல கட்டுறது. பேங்க் கேரண்டி எவ்ளோ, அத எப்ப அவங்க எடுத்துக்குவாங்க, டிராப் அவுட் கழிவு உண்டா, திடீர் விசிட்ல ஆள் கம்மியா இருந்தா முதல் தடவை என்ன, மூணாவது தடவை என்ன, ஷோ காஸ் நோட்டீஸுக்கு எத்தன நாள்ல பதில் சொல்லணும், இந்த அஞ்சுக்கும் பதில் எந்தப் பக்கத்துல இருக்குன்னு பென்சில்ல குறிச்சு வெச்சுக்கோங்க. ஸ்டேட் ஒப்பந்தம் கன்னடத்துல இருந்தா பேச மட்டும் தெரியும்னு நம்பி போடாதீங்க, நல்லா படிக்கத் தெரிஞ்ச ஒரு வக்கீல்கிட்ட ஒரு வாசிப்புக்கு குடுங்க. நோட்டீஸ் வர்ற மெயில் ஐடிய வேலைக்காரங்க பேர்ல போடாம உங்க பேர்லயே போடுங்க, அவங்க வேலைய விட்டுப் போனப்புறம் அந்த இன்பாக்ஸ்ல என்ன வந்துச்சுன்னு யாருக்கும் தெரியாது.